மொய் நோட்டில் வராத விருந்து

வானொலி மறையுரை
பொதுக்காலம் 22-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு (லூக்கா 14:1, 7-14)



ஆடி, ஆவணி பிறந்தால் நம் மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். அதே ஆவணியில் வரும் இந்த ஞாயிறன்று திருச்சபையும் ஒரு விருந்தைப் பற்றித்தான் நமக்கு வாசிக்கிறது. பரிசேயர் தலைவர் ஒருவர் வீட்டுப் பந்தியில் அமர்ந்திருக்கும் இயேசு, விருந்து வைத்தவரிடமே பேசுகிறார். திரும்ப அழைக்கக்கூடிய நண்பரையும் உறவினரையும் பணக்கார அண்டை வீட்டாரையும் விட்டுவிட்டு, திருப்பிச் செய்ய வழியில்லாதவர்களை அழைக்கச் சொல்கிறார்.

அப்படியானால் மொய் பாவமா? இல்லை. மகள் திருமணத்துக்கும், பிள்ளையின் படிப்புக்கும், ஆழ்துளைக் கிணற்றுக்கும் வட்டியில்லாமல் ஊரே கைகொடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் அது கொடுக்கல் வாங்கல். இன்று எழுதிய தொகை நாளை கூடுதலாகத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் உறவே முறிந்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தபோது, மரத்தோடு சேர்ந்து பலருடைய மொய்க்கணக்கும் சாய்ந்தது. வாங்கியதைத் திருப்பிச் செய்ய முடியாதவர் எந்த முகத்தோடு பந்திக்கு வருவார்?

இயேசு தேடுவது அந்த மனிதரைத்தான். ஏழைகள், உடல் ஊனமுற்றோர், கால் ஊனமுற்றோர், பார்வையற்றோர் என நால்வகையினரை அவர் குறிப்பிடுகிறார். குருக்கள் குலத்தில் பிறந்தவரே ஆனாலும், கண் தெரியாதவரும் கால் ஊனமுற்றவரும் பலி செலுத்த நெருங்கக் கூடாது என்று லேவியர் நூல் 21-ஆம் அதிகாரம் விதித்திருந்தது. பீடத்தருகே இடமில்லாதவர்களுக்கு இயேசு பந்தியில் இடம் தருகிறார்.

நம் விவிலியம் இங்கே பயன்படுத்தும் சொல் 'கைம்மாறு'. இதே சொல்லை எடுத்துக்கொண்ட வள்ளுவர், 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தின் முதல் குறளில் மழையை உதாரணம் காட்டுகிறார். நல்லவர், கெட்டவர் பாராமல் எல்லார் நிலத்திலும் விண்ணகத் தந்தை மழை பெய்விக்கிறார் என்கிறது மத்தேயு நற்செய்தி (5:45). வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த மேகமும் இதுவரை நம்மிடம் தண்ணீருக்கு விலை கேட்டதில்லை.

இது நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். கஜாவுக்குப் பிறகு, ஆலங்குடிப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் தம் வாடிக்கையாளர்களின் கடன் பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்தார். அவரும் அதே புயலில் வாழ்ந்தவர்தான்.

கடவுளிடமும் நாம் மொய் நோட்டு வைத்திருக்கிறோம். "சாமி, வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறேன், பூசைக்குக் கொடுக்கிறேன், மாதா ஏன் இன்னும் கேக்கல?" என்று வருந்துவோர் உண்டு. அந்த வேதனை உண்மையானது. ஆனால் நடந்த தூரத்தைக் கடவுள் கடனாக எழுதி வைப்பதில்லை. நாம் கேட்பதற்கு முன்பே தம் மகனைத் தந்தவர் அவர். இதோ, ஞாயிறுதோறும் நற்கருணை விருந்துக்கு வருகிறோம். கோவில் வாசலில் மொய் எழுத மேசை போட்டிருக்கிறதா? அங்கே நாம் எல்லாருமே திருப்பிச் செய்ய முடியாத விருந்தினர்கள்தாம்.

ஆகவே இந்த வாரம் உங்கள் மொய் நோட்டைத் திறந்து பாருங்கள். கொடுக்க முடியாமல் உங்களைக் கண்டு ஒதுங்கிப்போகும் ஒருவர் பெயர் அதில் இருக்கும். அந்த வரியை அடித்துவிடுங்கள். அடித்ததை யாரிடமும் சொல்லாமல், அவர் வீட்டுக்குப் போய், "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று கூப்பிடுங்கள். அவர் வெறுங்கையோடு வரட்டும். அந்தக் கணக்கை நேர்மையாளர்கள் உயிர்த்தெழும் நாளில் ஆண்டவரே தீர்ப்பார்.

இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.