பனியனில் உள்ள வெள்ளி எந்த உருவில் இருக்கிறது?

வியர்வை வாடை அடிக்காது என்று சொல்லி விற்கிற டி-சர்ட், சாக்ஸ் பலவற்றில் வெள்ளி சேர்த்திருக்கிறார்கள். கொலுசு செய்கிற அதே வெள்ளிதான். மிகச் சிறிய அளவில் துணியில் ஏற்றினால், வாடையை உண்டாக்கும் பாக்டீரியாவை அது கட்டுப்படுத்தும். திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூர் நால்ரோட்டைச் சுற்றியுள்ள நிட்டிங், ஸ்டிச்சிங் யூனிட்டுகளில் வேலை செய்பவர்களுக்கு ‘ஆன்டி-மைக்ரோபியல் ஃபினிஷ்’ என்பது புதிய பேச்சு அல்ல.

அந்தத் துணியில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் டெஸ்டிங் லேப் சொல்லிவிடும். ஒரு துண்டை வெட்டி, ஆசிடில் கரைத்து, கருவியில் விட்டால் எண் வந்துவிடும். எந்த உருவில் இருக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். உலோகத் துகளாக இருக்கிறதா, குளோரினோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாக இருக்கிறதா, அயனியாக நூலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஆசிடில் கரைத்ததுமே இந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. பல சலவைக்குப் பிறகும் ஃபினிஷ் நிற்குமா, சலவை நீரோடு போகும் வெள்ளி ஆற்று உயிர்களுக்கு எவ்வளவு கேடு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

2014-இல் ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடையில் விற்கும் வெள்ளி சேர்த்த துணிகளை எடுத்து, வெவ்வேறு டிடர்ஜெண்டில் துவைத்து, துணியைக் கரைக்காமல் அப்படியே சோதித்தார்கள். எல்லாவற்றுக்கும் ‘வெள்ளி’ என்று ஒரே பெயர் இருந்தாலும் துணிக்குத் துணி உள்ளே இருந்த சேர்மம் வேறாக இருந்தது. துவைத்தபின் அந்தச் சேர்மமும் மாறியிருந்தது. எப்படி மாறியது என்பது டிடர்ஜெண்டைப் பொறுத்து அமைந்தது. இதைக் காட்டிக் கொடுத்தது சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு.

மின்னூட்டம் உள்ள துகள் எதுவும் தன் வேகத்தையோ திசையையோ மாற்றும்போது கதிர்வீச்சை வெளியிடும். எலெக்ட்ரானை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் ஓடவிட்டு, காந்தத்தால் அதன் பாதையை வளைத்தால், திருப்பத்தில் ஒளி கிளம்பும். இதுதான் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. அந்த வேகத்தில் இந்த ஒளி நாலாபக்கமும் சிதறுவதில்லை. எலெக்ட்ரான் ஓடும் திசையில் முன்பக்கமாகக் குவிந்துவிடுகிறது. நேராகக் கீழே விழும் மழை, பைபாஸில் பைக்கை முறுக்கினால் எதிரே வந்து முகத்தில் அடிக்கும் அல்லவா, அதே கணக்கு இங்கேயும் வருகிறது. கிடைப்பது ஊசி போன்ற கற்றை. அகச்சிவப்பில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறங்களையும் புற ஊதாவையும் கடந்து எக்ஸ்ரே வரை எல்லா அலைநீளமும் அதில் இருக்கும். வேண்டியதை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனை எக்ஸ்ரே குழாயை விடப் பல கோடி மடங்கு பிரகாசம் என்பதால், அங்கே நாள்கணக்கில் இழுக்கும் அளவீடு இங்கே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த ஒளி முதன்முதலில் மனிதர் கண்ணில் பட்டது 1947 ஏப்ரல் 24 அன்று. நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சிங்க்ரோட்ரான் எனப்படும் 70 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் முடுக்கி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரான் சுற்றும் குழாயை அங்கே கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி செய்திருந்தார்கள். கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருந்தபடி முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக் குழாயைப் பார்த்த டெக்னீஷியன், உள்ளே தீப்பொறி பறக்கிறது என்று நினைத்து மெஷினை நிறுத்தச் சொன்னார். குழாயில் கோளாறு எதுவும் இல்லை. 70 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டில் நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிந்த வெளிச்சம், ஆற்றலை 40 மில்லியனுக்குக் குறைத்ததும் மஞ்சளானது. 30-இல் மங்கலான சிவப்பு. ஷேடு பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்த விவரம் பிடிக்கும்.

துகள் இயற்பியலாளர்களுக்கு மட்டும் அப்போது இந்த ஒளி பிடிக்கவில்லை. எலெக்ட்ரானுக்குக் கொடுக்கும் ஆற்றலை வெளிச்சமாகப் பறித்துக்கொள்ளும் தொல்லையாகத்தான் அவர்கள் இதைப் பார்த்தார்கள். பின்னாளில் இந்த ஒளிக்காக மட்டுமே வளையங்கள் கட்டத் தொடங்கினார்கள்.

இயற்கையிலும் இது உண்டு. 1054-இல் வெடித்துத் தெரிந்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலா பெருமளவு இந்த ஒளியால்தான் மின்னுகிறது. நீலகிரியில் ஊட்டிக்கு அருகே முத்தோரையில், 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி, ரேடியோ அண்டங்களிலிருந்து வரும் அலைகளைப் பிடிக்கிறது. அவையும் பெரும்பாலும் காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சே. தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அதன் நீளவாக்கு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஊரின் அட்சரேகையான 11 டிகிரிக்குப் பொருந்தும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள்.

மனிதன் செய்யும் சிங்க்ரோட்ரான் ஒளிக்கு இந்தியாவில் போக வேண்டிய ஊர் இந்தூர். அங்குள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் 1999-இல் இண்டஸ்-1 ஓடத் தொடங்கியது; 2005-இல் அதைவிடப் பெரிய இண்டஸ்-2. இரண்டாவது வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். 2.5 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் எலெக்ட்ரான்கள் நொடிக்கு 17 லட்சம் முறைக்கும் மேல் அதைச் சுற்றுகின்றன. 16 வளைவுக் காந்தங்கள் பாதையைத் திருப்புகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் எலெக்ட்ரான் வெளிச்சமாக இழக்கும் ஆற்றலை ரேடியோ அலைக் கலன்கள் திருப்பி ஊட்டுகின்றன. வளையத்தின் விளிம்பிலிருந்து தொடுகோடுகளாகக் கிளம்பும் ஒளிப்பாதைகளுக்கு பீம்லைன் என்று பெயர். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் ஆய்வு நிலையம். ஒன்றில் புரதப் படிகம், ஒன்றில் நுண் படமெடுப்பு, ஒன்றில் தனிமங்களைக் கண்டுபிடிக்கும் வேலை.

அப்படி ஒரு நிலையத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். விரல்நகம் அளவு துணியையோ, சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சி, காயவைத்துப் பொடித்த ஸ்லட்ஜையோ டேப்பில் ஒட்டி, கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர் கொண்ட அறைக்குள் தாங்கியில் வைக்கிறார்கள். எல்லாரும் வெளியே வந்து கதவு பூட்டினால்தான் ஷட்டர் திறக்கும். இரண்டு சிலிக்கான் படிகங்கள் இம்மி இம்மியாகத் திரும்ப, எக்ஸ்ரேயின் ஆற்றல் படிப்படியாக ஏறுகிறது. சாம்பிளுக்கு முன்னும் பின்னும் கற்றை எவ்வளவு என்று அளந்து, கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு வரைந்துகொண்டே வருகிறது. குரோமியம் இருந்தால் சுமார் 5,989 எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் கோடு ஏறத் தொடங்கும். அது செங்குத்தாக உயர்வதற்குச் சற்று முன்னால், 5,993 வாக்கில், கூர்மையாக ஒரு சிறு முகடு எழுந்தால் அது ஆறு இணைதிறன் குரோமியம். முகடு இல்லையென்றால், அல்லது அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறியதென்றால், மூன்று இணைதிறன் குரோமியம்.

முந்தையது புற்றுநோய் உண்டாக்குவது, நீரில் எளிதாகக் கரைந்து நிலத்தடிக்குப் போவது. பிந்தையது அவ்வளவு நச்சு இல்லாதது, பெரும்பாலும் மண்ணோடு தங்கிவிடுவது. மொத்த குரோமியம் இத்தனை மில்லிகிராம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குவியல் ஆபத்தானதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அந்த ஊர் மக்களைக் கேட்டால் தெரியும்.

இதே குரோமியம் ஓவியர் வான்கோவின் மஞ்சளையும் பழுப்பாக்கியிருக்கிறது. பழைய பெயிண்ட் டியூப்களில் மிஞ்சிய குரோம் மஞ்சளைப் புற ஊதா விளக்கின் கீழ் 500 மணி நேரம் வைத்து, பிறகு பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானில் சோதித்தார்கள். மேல்பரப்பில் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக இறங்கியிருந்தது. நிறம் மங்கியது அதனால்தான் என்று 2011-இல் வெளியிட்டார்கள். வெயிலில் நிறம் போவது ஏன் என்ற கேள்வி சாயத் தொழிலின் அன்றாடக் கேள்வி. ரியாக்டிவ் டர்க்காய்ஸ் சாயங்களின் நடுவில் காப்பர் அணு இருக்கிறது. துணியில் ஏறிய பிறகும், வெயில் பட்ட பிறகும் அந்தக் காப்பரின் நிலை என்ன என்று கேட்பதற்கும் இதே முறை போதும். குரோமியம், காப்பர் இரண்டுமே இண்டஸ்-2-இன் ஆற்றல் எல்லைக்குள் வருபவை.

பஞ்சுக்குள்ளேயும் இந்த ஒளி போயிருக்கிறது. பருத்தி என்பது ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ். பருத்தியிலும் மரத்திலும் முதன்மையாக உள்ள செல்லுலோஸ் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் எங்கே அமர்ந்திருக்கிறது, சங்கிலிகளை எந்த ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்து வைத்திருக்கிறது என்ற வரைபடம் 2002-இல்தான் துல்லியமாகக் கிடைத்தது. நிஷியாமா, லாங்கன், சான்சி மூவரும் சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரேயையும் நியூட்ரானையும் சேர்த்துப் பயன்படுத்தி அதைச் செய்தார்கள். மெர்சரைசிங் செய்யும்போது காஸ்டிக் சோடா இந்த அடுக்கைத்தான் குலைத்து வேறு விதமாக அடுக்குகிறது. துணியில் சாயம் ஆழமாக ஏறுவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

உயிரியலில் இந்த ஒளியின் பங்கைச் சொல்ல ஒரே பெயர் போதும். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறு பாதியைப் படிகமாக்கி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சிங்க்ரோட்ரான்களுக்குக் கொண்டுபோய்ப் படமெடுத்தார். 2000-இல் அதன் அணு அமைப்பை வெளியிட்டார். 2009-இல் வேதியியல் நோபல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத்துடன் பகிர்ந்துகொண்டார். கோவிட் வந்தபோது வைரஸின் முக்கிய நொதியின் அமைப்பு 2020-இன் தொடக்கத்திலேயே சீனாவில் வெளியானதும் இந்த ஒளியால்தான்.

திருப்பூர்ப் பகுதிக்கு இதில் மிக அவசரமான இடம் ஸ்லட்ஜ்தான். நொய்யலில் சாயநீர் கலந்து, 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்கு உதவாத நீரைத் தேக்கியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் இங்கே யாரும் மறக்காத கதை. அதன் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் முறை வந்தது, ஆர்.ஓ.வில் தண்ணீர் மீண்டு பட்டறைக்கே திரும்புகிறது. அந்தத் தண்ணீரிலிருந்து பிரிந்த உப்பும் ஸ்லட்ஜும் எங்கேயாவது இருந்துதான் ஆக வேண்டும். அந்த மூட்டைகளில் உள்ள உலோகங்கள் எந்தச் சேர்மமாக இருக்கின்றன, மழை பட்டால் எது கரையும், எது கரையாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைச் செங்கல்லில் போடலாமா, சிமெண்ட் ஆலைக்கு அனுப்பலாமா என்று பேசுவது சரியல்ல.

அன்றாட பையர் டெஸ்டுக்கு இந்தூர் தேவையில்லை. அதற்கு ஊர் லேப்பே போதும். பீம்லைனில் கிடைப்பது சில நாள் நேரம். வந்த தரவைப் பிரித்துப் படிக்க மாதங்கள் ஆகும், அது தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் வசதி பூட்டிக் கிடக்கவில்லை. பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்கள் முன்மொழிவு எழுதி அனுப்பி, தேர்வானால் இண்டஸ்-2-இல் நேரம் பெறலாம். இவர்களுக்கு அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூடங்களைத் திறந்துவிடவே இயங்கும் யு.ஜி.சி. - டி.ஏ.இ. கூட்டமைப்புக்குக் கல்பாக்கத்திலும் ஒரு கிளை இருக்கிறது. கோவையில் 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா, பாரதியார் பல்கலைக்கழகம், இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகளின் டெக்ஸ்டைல், வேதியியல் துறைகள் ஆகியவற்றிடம் கேள்விக்கும் பஞ்சமில்லை, சாம்பிளுக்கும் பஞ்சமில்லை. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் ஸ்லட்ஜை எடுத்து, அதில் உள்ள குரோமியமும் காப்பரும் எந்த நிலையில் இருக்கின்றன என்ற ஒற்றைக் கேள்வியோடு அடுத்த முன்மொழிவு இங்கிருந்து போகட்டும்.