பரம்பரை நீர்க்கட்டி நோய்: சிறுநீரகத்தின் அளவைக் கேட்டு வாங்குங்கள்

அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் பரம்பரை நீர்க்கட்டி நோய்; வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முப்பது வயது மகனுக்கோ ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.9, இயல்பு என்று ரிப்போர்ட் வருகிறது. எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சம்பா நடவைப் பார்க்கப் போய்விட்டால், அந்த நிம்மதியை நம்ப முடியாது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் வந்தது என்று யாரும் மனம் நோக வேண்டாம். ஒரே ஒரு பழுதான மரபணு போதும்.

நாட்பட்ட சிறுநீரக நோய்கள் பலவற்றில் சிறுநீரகம் சுருங்கும். இதில் பெரிதாகும். நீர்க்கட்டிகள் பெருகப் பெருக, மிச்சமுள்ள நல்ல திசு கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அதனால்தான் கிரியேட்டினின் பல ஆண்டுகள் ஏறாமலே இருக்கிறது. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய 'கிறிஸ்ப்' ஆய்வு 241 பேரை எம்ஆர்ஐ மூலம் தொடர்ந்து அளந்தது. சிறுநீரகங்களின் கன அளவு ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. சிறுநீரகம் மிகப் பெரிதாக இருந்தவர்களுக்குச் செயல்திறன் வேகமாகக் குறைந்தது.

ஸ்கேனில் கிடைக்கும் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி, 0.52ஆல் பெருக்கினால் கன அளவு. 16 × 8 × 7 செ.மீ. என்றால் சுமார் 470 மி.லி.; இயல்பானது 150 மி.லி. அளவில்தான் இருக்கும். இரண்டு சிறுநீரகமும் இப்படியிருந்து, உயரம் 160 செ.மீ., வயது 30 என்றால், மேயோ கிளினிக் 2015இல் வெளியிட்ட ஐந்து வகுப்புகளில் அவர் நான்காவது: நோய் வேகமாக முற்றக்கூடியவர். இதே அளவு 60 வயதுக்காரருக்கு என்றால் அவர் இரண்டாம் வகுப்பு, கவலை குறைவு.

பல ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் நீளமும் அகலமும் மட்டுமே இருக்கும். தஞ்சாவூரோ கும்பகோணமோ பட்டுக்கோட்டையோ, ஸ்கேனுக்குப் போகும்போது குடும்ப நோயைச் சொல்லி, மூன்று அளவையும் எழுதித் தரக் கேளுங்கள். எம்ஆர்ஐ துல்லியமானது. ஆனால் 45 வயதுக்குட்பட்டவருக்குச் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே நீளம் 16.5 செ.மீ.யைத் தாண்டினால், அதுவே எச்சரிக்கைதான்.

இந்த அளவுதான் சிறுநீரகம் பெரிதாவதைத் தாமதப்படுத்தும் டோல்வாப்டான் மருந்து யாருக்கு என்பதை முடிவுசெய்ய உதவுகிறது. 2012இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 5.5 சதவீதமாக இருந்த வளர்ச்சியை அது 2.8 ஆகக் குறைத்தது. ஆனால் தாகமும் சிறுநீரும் மிகும். கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும். வெயிலில் வயலில் நிற்பவருக்கு எளிதான மருந்தல்ல. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மட்டும் எல்லா வகுப்புக்கும் பொது.

இந்த நோயுள்ள அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கத் தம்பி முன்வந்தால், அவரையும் முதலில் ஸ்கேன் பார்க்க வேண்டும். 40 வயதுக்குட்பட்டவருக்கு அல்ட்ராசவுண்டில் நீர்க்கட்டி தென்படவில்லை என்பது மட்டும் போதாது. எம்ஆர்ஐயும், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனையும் செய்த பிறகே அவரைக் கொடையாளராக ஏற்கலாம்.