மண்ணின் பெயரைச் சொல்லும் மது

மது என்றாலே நம் சமுதாயம் முகம் சுளிக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். ஜோர்ஜ்டவுன் தங்கும்விடுதி உணவகம் ஒன்றில் பணியாற்றும் எனக்கு, பிரெஞ்சுத் திராட்சை மதுவை அறிந்திருப்பது தொழில். குடிக்கத் தூண்டுவது என் நோக்கமன்று. அதிலுள்ள ஒரு பாடத்தைச் சொல்லவே எழுதுகிறேன்.

கருந்திராட்சையின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதே. தோலோடு நொதிக்கவிட்டால் தோலின் நிறமும் துவர்ப்பும் இறங்கிச் சிவப்பு மது கிடைக்கிறது. சாற்றை மட்டும் பிரித்து நொதிக்கவிட்டால் வெள்ளை மது. அதனால் சிவப்பில் பாக்கையும் கடுந்தேநீரையும் நினைவூட்டும் துவர்ப்பு தெரியும். வெள்ளையில் புளிப்பு முந்தும்.

இனி வட்டாரங்களைப் பார்ப்போம். போர்தோவில் ஆற்றின் இடக்கரை சரளைக்கல் நிலம். அங்கு ஓங்கும் கபெர்னே சொவிஞோன் திராட்சை, அடர்நிறமும் கடுந்துவர்ப்பும் தரும். பல ஆண்டு வைத்திருந்தால் பதமாகும். வலக்கரைக் களிமண்ணில் விளையும் மெர்லோ மென்மையானது. பர்கண்டியின் பினோ நுவார் தோல் மெல்லியது. நிறம் குறைவு, மணம் மிகுதி. அதே பர்கண்டியைச் சேர்ந்த குளிர்ந்த ஷாப்ளியில், பழங்காலச் சிப்பிகள் புதைந்த சுண்ணாம்பு மண்ணில் விளையும் ஷார்டனே, எலுமிச்சை போன்ற புளிப்புள்ள வெள்ளை மதுவாகிறது. அல்சாஸ் பகுதியின் ரீஸ்லிங் மணமும் கூர்மையும் கொண்டது.

இப்புட்டிகள் பலவற்றில் திராட்சையின் பெயர் இராது. ஊரின் பெயரே இருக்கும். அல்சாஸ் இதற்கு விதிவிலக்கு. ஊர்ப்பெயரை யார், எந்த எல்லைக்குள், எம்முறையில் விளைவித்துப் பயன்படுத்தலாம் என்பதை 1935 முதல் பிரெஞ்சுச் சட்டம் காக்கிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்ற தொல்காப்பியத்தைப் படித்த நமக்கு இது புதிதன்று.

மலேசியாவும் 2000-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது. 2022-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சரவாக் மிளகு அப்படிக் காக்கப்படும் பெயர்களில் ஒன்று. பாலிக் பூலாவ் டுரியானை வாங்கும்போது “எந்த மலைச்சரிவுப் பழம்?” என்று கேட்கிறோமே, அக்கேள்விதான் அனைத்துக்கும் வேர். விளைந்த மண்ணின் பெயர் காக்கப்பட்டால், அந்த மண்ணில் உழைப்பவருக்கும் உரிய விலை கேட்கும் வலு கிடைக்கும். வேளாண்மை, வணிகம், சட்டம் பயிலும் நம் மாணவர்கள் கைவைக்க வேண்டிய துறை இது.