வாலால் ஒலி எழுப்பும் ரீங்காரச்சிட்டு

வானத்திலிருந்து ஒன்று செங்குத்தாகப் பாய்ந்து வந்தால், வன்னியில் வாழ்ந்தவர்களுக்குக் கிபிர்தான் நினைவுக்கு வரும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு சிறு பறவையும் அப்படித்தான் பாய்கிறது, ஆனால் துணை தேடி.

அதன் பெயர் அன்னா ரீங்காரச்சிட்டு. நீளம் சுமார் 10 சென்ரிமீற்றர். ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. எங்கள் முற்றத்துச் செவ்வரத்தைக்கு வரும் தேன்சிட்டு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

பெண் பறவை பற்றையில் அமர்ந்திருக்க, ஆண் சுமார் 30 மீற்றர் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து கீழ்நோக்கிப் பாயும். பெண்ணின் தலைக்கு மேலே வந்ததும் சட்டெனத் திரும்பி மேலெழும். அந்த நொடியில் 'கீச்' என்று உரத்த ஒலியொன்று கேட்கும்.

இந்த ஒலி தொண்டையிலிருந்து வருகிறதா, வாலிலிருந்து வருகிறதா என்று பறவையியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். ஆணின் பாட்டிலும் இதைப் போன்ற ஒலி இருப்பதால் குழப்பம் கூடியது. கண்ணால் பார்த்தும் தீர்க்க முடியவில்லை. பறவை வாலை விரித்து மூடுவது ஒரு கண் இமைப்பை விடக் குறைந்த நேரத்தில்.

பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கிளார்க், தெரேசா பியோ ஆகியோர் 2008இல் விடையை வெளியிட்டார்கள். அதிவேகக் கமெராவில் பதிவு செய்தபோது, வால் விரியும் கணத்திலேயே ஒலியும் எழுவது தெரிந்தது. பின்னர் சில ஆண் பறவைகளைப் பிடித்து, வெளிப்புற வால் இறகுகளை மட்டும் அகற்றி விட்டுவிட்டார்கள். அவை முன்போலவே பாய்ந்தன. ஒலி மட்டும் வரவில்லை. அகற்றிய இறகுகள் மீண்டும் முளைக்கக்கூடியவை. தனி இறகொன்றை ஆய்வுகூடத்தில் வேகமான காற்றில் பிடித்தபோது அதே ஒலி எழுந்தது. நாதஸ்வரச் சீவாளி போல, இறகின் ஓரம் காற்றில் அதிர்கிறது.

பாய்ச்சலின் வேகத்தை கிளார்க் 2009இல் வெளியிட்டார். உச்சத்தில் அது ஒரு செக்கனுக்குத் தன் உடல் நீளத்தைப் போல 385 மடங்கு தூரம் செல்கிறது. உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் போர் விமானத்தையும் மிஞ்சிய வேகம். திரும்பும்போது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு விசையைத் தாங்குகிறது.

இத்தனையும் செய்யும் ஆண், இணைசேர்ந்தபின் திரும்பிப் பார்ப்பதில்லை. சிலந்தி நூல் கொண்டு கூடு கட்டுவது, இரண்டு முட்டைகளை அடைகாப்பது, குஞ்சுகளுக்கு இரையூட்டுவது எல்லாம் தாய் தனியாகத்தான்.

எங்கள் தேன்சிட்டும் சிலந்தி நூலால்தான் கூட்டைப் பிணைக்கிறது. வீட்டோரம் அப்படி ஒரு கூடு தொங்கினால் கிட்டப் போகாமல், தொடாமல், தள்ளி நின்று பாருங்கள்.