மன்றோ சிலையில் அங்கவடி ஏன் இல்லை?

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலைப் பிடித்து கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்த காலத்திலிருந்தே இந்தக் கதையைக் கேட்டு வருகிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அண்ணா சாலையில், தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே தாமஸ் மன்றோ, அந்தச் சிலையில் கால் வைக்க அங்கவடி கிடையாது. சேணமும் கிடையாது. செய்த சிற்பி மறந்துபோய்விட்டாராம். யாரோ ஒரு சின்னப் பையன் சுட்டிக்காட்டினானாம். அவமானம் தாங்காமல் சிற்பி உயிரை விட்டுவிட்டாராம்.

இதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! போன மாதம் என் மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "சேணத்தையும் சேர்த்தா மறப்பாங்க? அவ்ளோ பெரிய சிலை, வேற யாருமே பார்க்கலையா?" பதில் தெரியவில்லை. அதனால் தேட ஆரம்பித்தேன்.

மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர். ரயத்துவாரி முறையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். கவர்னராக இருக்கும்போதே காலராவில் இறந்தார். பொதுமக்கள் நன்கொடையில் செய்த வெண்கலச் சிலை 1839-ல் இங்கே நிறுவப்பட்டது. சிற்பி லண்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் சான்ட்ரி. இவர் சாதாரண ஆள் இல்லை, அன்றைய இங்கிலாந்தின் முதல் வரிசைச் சிற்பி. நம்ம கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் இருக்கும் பிஷப் ஹீபர் சிலையும் அவர் செய்ததுதான்.

இப்போது லண்டனுக்குப் போவோம். டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர் குதிரைமேல் இருக்கிறார். சிற்பி அதே சான்ட்ரி. அங்கேயும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. ராயல் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வெலிங்டன் பிரபுவின் குதிரைச் சிலை. அதுவும் சான்ட்ரி தொடங்கியதுதான், அங்கேயும் அங்கவடி இல்லை. ஒரு தடவை என்றால் மறதி. மூன்று தடவை என்றால் அது முடிவு.

ஏன் அப்படி ஒரு முடிவு? 1738-ல் ஹெர்குலேனியம், 1748-ல் பாம்பேய் என்று எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊர்களைத் தோண்ட ஆரம்பித்த பிறகு ஐரோப்பாவுக்கே பழைய கிரேக்க, ரோமானியப் பித்து பிடித்தது. வீடு கட்டினாலும் கிரேக்கத் தூண், படம் வரைந்தாலும் ரோமானிய வீரன். இதைத்தான் நவசெவ்வியல் என்கிறார்கள். பெரிய மனிதருக்குச் சிலை என்றால் ரோமானியப் பேரரசர் மாதிரி இருக்க வேண்டும். ரோமில் இன்றும் இருக்கும் மார்க்கஸ் அரேலியஸின் வெண்கலக் குதிரைச் சிலைதான் எல்லோருக்கும் பாடப்புத்தகம். அதில் அங்கவடி இல்லை. இருக்கவும் முடியாது. அந்தக் காலத்து ரோமானியர்களிடம் அங்கவடியே கிடையாது. ஐரோப்பாவுக்கு அது வந்தது பல நூற்றாண்டு கழித்து.

ஆக, அங்கவடி இல்லாததுதான் மரியாதை. அமெரிக்காவில் இதே பித்து இன்னும் முற்றியது. மன்றோ சிலை வந்து இரண்டே வருடத்தில், 1841-ல், ஹொரேஷியோ கிரீனோ செய்த ஜார்ஜ் வாஷிங்டன் சிலையை நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். கிரேக்கக் கடவுள் ஜீயஸ் மாதிரி, மேல்சட்டை இல்லாமல்! ஜனங்கள் கேலி செய்து தீர்த்தார்கள்.

சரி, சான்ட்ரி? 1841-ல் இதயக் கோளாறால் திடீரென இறந்தார். வெலிங்டன் சிலை பாதியில் நின்றது, மற்றவர்கள் முடித்தார்கள். அவமானப்பட்டுச் செத்தவர் அதே "தப்பை" மறுபடி செய்துகொண்டா இருப்பார்?

இந்தக் கதை நமக்கு ஏன் பிடிக்கிறது என்றும் யோசித்தேன். பேலூர் ஜகணாச்சாரி கதையை நினைத்துப் பாருங்கள். கல்லுக்குள் தேரை இருப்பதை ஒரு இளைஞன் கண்டுபிடிக்க, சிற்பி தன் கையையே வெட்டிக்கொள்கிறார். அதே அச்சு! பெரிய கலைஞன், சின்னப் பிழை, சிறுவன், தண்டனை. ஏற்கெனவே நம்மிடம் இருந்த சட்டையை வெள்ளைக்காரச் சிற்பிக்கும் மாட்டிவிட்டோம்.

கதை அழகுதான். ஆனால் யோசித்துச் செய்த வேலையை மறதி என்று இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன். மகளிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இந்தப் பதிவு.