துப்பாக்கிப் புகையும் நுரையீரலும்

ஒகேனக்கல் என்னும் பெயரே புகையைக் குறிப்பது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் பாறை. பாறையில் மோதும் காவிரியின் நீர்த்துளிகளே இங்குப் புகைபோல் எழுகின்றன. அப்புகையால் நுரையீரலுக்குத் தீங்கில்லை. துப்பாக்கிப் புகை அத்தகையதன்று.

காவலர், வனத்துறையினர், தேசிய மாணவர் படையினர், பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற உழவர், வீரப்பன் தேடுதலுக்காக 2004 வரை இக்காடுகளில் பணியாற்றிய அதிரடிப்படையினர் ஆகியோர் துப்பாக்கியைக் கையாண்டவர்கள். இவர்களுள் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பின் இக்கட்டுரையைப் படித்தல் நன்று.

புகையில் இருப்பவை

தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில் ஈயம், பேரியம், ஆண்டிமனி ஆகியவற்றின் சேர்மங்கள் பெரும்பாலும் உண்டு. சுடும்போது இவை எரிவதோடு ஈயக் குண்டின் மேற்பரப்பும் சிறிது ஆவியாகிறது. இந்நுண்துகள்கள் மூச்சுடன் காற்றுப்பைகள் வரை செல்கின்றன. கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய வாயுக்களும் எழுகின்றன. நாட்டுத் துப்பாக்கியின் கருமருந்து கந்தக வாயுவையும் அடர்ந்த புகையையும் வெளியிடுகிறது.

அன்றிரவு வரும் காய்ச்சல்

தொண்டை எரிச்சலும் இருமலும் உடனே தோன்றலாம். ஆஸ்துமா உள்ளவர்க்கு இழுப்பு மிகும். சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், உடல்வலி, நெஞ்சிறுக்கம் வருவதும் உண்டு. இது உலோகப் புகைக் காய்ச்சல். பெரும்பாலும் இரண்டு நாள்களில் தணியும். நார்வே நாட்டுப் படையில் ஈயமற்ற தோட்டாக்கள் வந்தபின் வீரர்கள் இத்தகைய தொல்லைகளைத் தெரிவித்தனர். பின்னர் நடந்த ஆய்வில், ஈயமுள்ளவை, ஈயமற்றவை ஆகிய இருவகைத் தோட்டாக்களும் மூச்சுத்திறனைச் சற்றுக் குறைத்தது தெரியவந்தது. எனவே ஈயம் இல்லையென்பதால் புகை தீங்கற்றதாகிவிடாது.

இருமாமல் தங்கும் ஈயம்

ஈயம் நுரையீரல் வழியே குருதியில் கலந்து எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, குருதிச்சோகை, மறதி ஆகியன அதன் அறிகுறிகள். உடையில் ஒட்டிய தூசி வீட்டுக்கும் வரும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுவர். குண்டுக்கோ மீன்வலைக்கோ ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்குவது மிகக் கொடிது.

செய்ய வேண்டியவை

• திறந்த வெளியில், காற்று புகையை அப்பால் கொண்டுசெல்லும் திசையில் நின்று சுடுதல் வேண்டும்.
• பயிற்சித் திடலில் உண்ணவோ புகைபிடிக்கவோ கூடாது. கை, முகத்தைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உண்க.
• சீருடையை உதறாமல் தனியே துவைக்க வேண்டும். தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
• தொடர்ந்து சுடுபவர்கள் குருதியில் ஈய அளவையும் மூச்சுத்திறனையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின், அது வரும் வழியைக் கண்டறிந்து தடுக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மூச்சுத்திணறல், மயக்கம், உதடு நீலமாதல் தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு நச்சில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இயல்பான அளவையே காட்டக்கூடும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் புகைபிடிக்கும் பழக்கத்தைக் கேட்பார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்க மறக்கலாம். நீங்களே கூறுங்கள். அந்த ஒரு சொல் நோயின் காரணத்தைக் கண்டறியத் துணைபுரியும்.