குடிபெயரும் வேளையில் குடும்பம்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களில் ஒரு காட்சி தவறாமல் தோன்றும். ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் லாரி நிற்கும். கட்டில் ஒருபுறம், பீரோ ஒருபுறம், கயிற்றால் வரிந்து கட்டிய மெத்தை ஒருபுறம் கிடக்கும். அம்மிக் கல்லை ஏற்றுவதா, விட்டுச் செல்வதா என்று கணவனும் மனைவியும் வழக்காடிக்கொண்டிருப்பர். பிள்ளைகள் காலி அட்டைப் பெட்டிக்குள் ஒளிந்து விளையாடி, அதற்காக அடியும் வாங்குவர். வீட்டின் மூத்தவரோ திண்ணையோரம் அமர்ந்து, தம்மை ஏற்றிக்கொள்ள மறந்துவிடுவார்களோ என்று அஞ்சுபவர்போல் அனைத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

மே மாதத்தில் இவ்வளவு குடிபெயர்வு ஏன்? பள்ளிகளுக்கு விடுமுறை என்பது ஒரு காரணம். மாறுதல் ஆணைகள் பெரும்பாலும் இப்பருவத்தில் வருவது மற்றொன்று. மூன்றாவது காரணம் சற்று வேடிக்கையானது. மத்திய அரசுப் பணியாளர் தமக்கு அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளன்று ஓய்வு பெறுகின்றனர். முற்காலத்தில் பிறந்த தேதி அறியாத பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும்போது, ஆசிரியரே மே, சூன் மாதங்களில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்வதுண்டு. அன்று அவர் பேனா எழுதிய தேதிதான் இன்று பலரை ஒரே மாதத்தில் பணியினின்றும் குடியிருப்பினின்றும் வெளியேற்றுகின்றது!

நாம் சில ஆண்டுகள் ஓர் இரயில்வே குடியிருப்பை அடுத்த பங்கில் பணியாற்றினோம். இரயில்வே குடும்பங்களுக்குக் குடிபெயர்தல் புதிதன்று. தென்னிந்திய இரயில்வேயின் பெரிய பணிமனை ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல் அது திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. எந்திரங்கள் மட்டுமா வந்தன? கடற்காற்றில் வளர்ந்த தொழிலாளர் குடும்பங்களும் சட்டி பானைகளுடன் மேற்கே வந்து, பாறையும் வெயிலுமான மண்ணில் புதுக்குடி ஏறின. அவர்தம் பேரர்களின் பிள்ளைகளும் இன்று முதியவராகி விட்டனர். குடியிருப்பு வீடு நம்முடையதன்று, ஒருநாள் சாவியைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்பதை அம்மக்கள் நன்கறிவர். அறிந்திருந்தும், அந்த நாள் வரும்போது வீடு கலங்கித்தான் போகின்றது.

நமக்கு அறிமுகமான ஃபிட்டர் ஒருவர் அவ்வாறே ஒரு மே மாத இறுதியில் ஓய்வு பெறவிருந்தார். அந்தக் குடியிருப்பில் அவர் முப்பத்தொரு ஆண்டு வாழ்ந்தவர். சொந்த ஊரில் சிறு வீடொன்று கட்டி முடித்திருந்தார். ஓய்வுக்குப் பின்னும் சில மாதங்கள் குடியிருப்பில் தங்க விதி இடம் தந்தபோதிலும், பேரனின் விடுமுறைக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அவர் நாள் குறித்துவிட்டார். வாழ்த்துச் சொல்வதற்காக ஒருநாள் இரவு எட்டு மணியளவில் நாம் அவர் வீட்டிற்குச் சென்றோம்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பின்கட்டில் அவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுக்களையில் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். தேர்வுக்குப் படிக்கவேண்டிய இளைய மகள் பழைய செய்தித்தாள்களில் கண்ணாடிக் குவளைகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பேரன் சுருட்டிய மெத்தைமேல், கையில் கைப்பேசியுடன், சட்டையையும் மாற்றாமல் உறங்கிப் போயிருந்தான். உணவுக்கடைப் பொட்டலங்கள் பிரித்தும் பிரிக்காமலும் கிடந்தன. அவரவர் பசித்தபோது அவரவர் உண்டிருக்கின்றனர்.

மூலையில், எல்லோரும் 'அப்பாயி' என்றழைக்கும் ஃபிட்டரின் தாயார், எண்பது வயதைக் கடந்தவர், தமது பழைய தகர டிரங்குப் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தார். வழக்கம்போல், "என்னம்மா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் நம்மையே பார்த்தார்.

"காலையிலேருந்து இதை யாரும் கேக்கலை, சாமி. நீங்கதான் கேக்குறீங்க."

அவர் நீரிழிவு நோயாளி. மாத்திரை உட்கொண்டிருக்கிறார், மதியம் உண்ணவில்லை. அவருக்கு உணவு கொடுத்தாயிற்று என்று மருமகள் மகளை நம்பியிருந்தார். மகள் தாயை நம்பியிருந்தாள். அம்மூதாட்டி ஏன் பெட்டியைவிட்டு எழவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. அதைக் காயலான் கடைக்குப் போடும் பொருள்களோடு சேர்த்திருந்தார்களாம். அவர் கணவர் இறந்தது அந்த வீட்டில். அவருடைய வேட்டியும் கண்ணாடியும் அந்தப் பெட்டியில் இருந்தன.

கையில் கயிற்றுடன் வாசற்படியில் நின்று இவற்றையெல்லாம் கேட்ட மகன், அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். மருமகள் பதறி அடுப்பை மூட்டினார். அரை மணி நேரத்தில் கஞ்சி தயாராயிற்று. முதியவர் உண்டு முடித்த பின்னரே நமக்கு மூச்சு வந்தது.

"என்ன சாமி செய்யறது? முப்பத்தொரு வருசத்து வீடு. பன்னிரண்டு நாள்தான் இருக்கு" என்றார் அவர்.

நாம் உடனே விடை கூறவில்லை. கூறத் தகுதி உண்டா என்ற ஐயம் எழுந்தது. ஏனெனில், நாமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயரின் கடிதம் கண்டு பெட்டி கட்டுபவரே. முன்னொரு பங்கைவிட்டுப் புறப்படும் வாரத்தில், ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர் மூன்று மாலைகள் நம் தாழ்வாரத்திற்கு வந்தார். மூன்று மாலையும் நாம் நூல்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். "நாளை பேசலாம், உபதேசியாரே" என்றோம். நான்காம் நாள் வண்டி வந்துவிட்டது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று கைகூப்பினார். நான்கு மாதங்களுக்குப் பின் அவர் இறந்த செய்தி வந்தது. என்ன சொல்ல வந்தார் என்பது இன்றளவும் நமக்குத் தெரியாது. அன்று அவ்வளவு கவனமாய்க் கட்டிய நூல்களுள் பாதியை நாம் இன்னும் பிரிக்கவேயில்லை.

இதை அந்த ஃபிட்டரிடம் மறைக்காமல் சொன்னோம். பிறகு அனைவரும் அமர்ந்து, எஞ்சிய பன்னிரண்டு நாள்களை எவ்வாறு நடத்துவது என்று ஆலோசித்தோம். அன்று எடுத்த முடிவுகள் வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்றெண்ணி இங்கே தருகின்றோம்.

முதலாவது, நாளில் ஒரு மணி நேரத்தை யாரும் தொடக்கூடாது. வேலை முடிந்தபின் மீதி நேரத்தைக் குடும்பத்திற்குத் தரலாம் என்றால், மூட்டை கட்டும் நாள்களில் மீதி என்ற ஒன்று இராது. ஆகவே குடும்பத்தின் நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மூட்டைகளுக்குத் தரவேண்டும். அந்த வீட்டில் இரவு ஏழரை முதல் எட்டரை என்று வகுத்தோம். அந்நேரத்தில் கயிறும் கத்தரியும் கீழே. சோறும் இரசமும் அப்பளமும் போதும். ஆனால் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ண வேண்டும். உணவுக்குப்பின் வழக்கமான குடும்பச் செபம். ஒரு மணி நேரம் நின்றதனால் எந்த லாரியும் தாமதமாவதில்லை.

இரண்டாவது, கட்டும் முறையில் ஒழுங்கு வேண்டும். ஒரே நாளில் எல்லா அறைகளையும் கலைப்பதே பெருங்குழப்பத்திற்கு வித்து. முதலில் பரண்மேல் உள்ளவை; அடுத்து விருந்துப் பாத்திரங்கள், நூல்கள், கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்கள்; பிறகு துணிமணிகள். அடுக்களையும் செபப் பீடமும் கடைசி நாள்வரை கலையாமல் இருக்கட்டும். அடுப்பு எரியும்வரை, விளக்கு ஏற்றும் இடம் இருக்கும்வரை, அது வீடாகவே இருக்கும். நூல்களைச் சிறிய பெட்டிகளில் இடுக. பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்குபவர் இடுப்பு ஒடியும். பீங்கான் தட்டுகளைப் படுக்க வைக்காமல், காகிதம் சுற்றி நிமிர்த்தி அடுக்கினால் உடைவது குறையும். கண்ணாடிப் பொருள்களுக்கு நடுவே பழைய சேலைகளைத் திணித்தால், சேலையும் ஊர் போய்ச் சேரும், குவளையும் சேரும். குளிர்பதனப் பெட்டியை முதல் நாளே நிறுத்தி, காலி செய்து துடைத்து, நிமிர்ந்த நிலையிலேயே ஏற்றுக. புது வீட்டில் இறக்கியதும் உடனே இயக்காமல் சில மணி நேரம் பொறுத்திடுக.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கேற்ற பணி தருக. சிறுவரை "தொந்தரவு செய்யாதே" என்று கைப்பேசியிடம் ஒப்படைத்துவிடுகின்றோம். அந்தப் பேரனிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் வண்ண எழுதுகோலும் கொடுத்தோம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, உள்ளே இருப்பதை நோட்டில் எழுதுவது அவன் பொறுப்பு. "தாத்தா, இதுல என்ன இருக்கு? சொன்னாத்தான் நம்பர் போடுவேன்" என்று அதிகாரம் செய்யத் தொடங்கினான். தேர்வு எழுதவேண்டிய மகளுக்குக் காலை வேளை முழுவதும் படிப்புக்கே என்று தீர்மானமாயிற்று. குடும்ப அட்டை, ஆதார், ஞானஸ்நான, திருமணச் சான்றுகள், வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே பையிலிட்டுத் தம் கையிலேயே வைத்துக்கொள்வது அவர் மனைவியின் பணி. அப்பாயியின் மாத்திரைகளும் அந்தப் பையிலேயே. எரிவாயு உருளையை முகவரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவது ஃபிட்டரின் பணி.

நான்காவது, முதியோரைக் கேட்காமல் அவர்தம் பொருளைத் தள்ளிவிடாதீர். நமக்குத் துருப்பிடித்த தகரமாகத் தோன்றுவது அவருக்கு ஐம்பது ஆண்டு இல்லறம். எல்லாவற்றையும் சுமந்து செல்ல இயலாதுதான். சிலவற்றை விட்டே ஆகவேண்டும். ஆயினும் "இது யாருடையது? எப்போது வாங்கியது?" என்று கேட்டு, சொல்வதைக் கேட்டபின் முடிவு செய்க. கதையைக் கேட்டவரிடம் பொருளைத் தர முதியோர் தயங்குவதில்லை. கதையைக் கேளாமல் பறிப்பவரிடமே அவர்கள் பெட்டிமேல் ஏறி அமர்கின்றனர். அந்த வீட்டில் இரவு உணவுக்குப்பின் நாளொன்றுக்கு ஒரு பொருள் என்று அப்பாயி தாமே எடுத்து வரலானார். பித்தளைக் கூஜாவை அண்டை வீட்டுப் பெண்ணுக்கு அவரே கொடுத்தார். முறத்தையும் அரிவாள்மணையையும் விட்டுவிடலாம் என்றும் அவரே சொன்னார். டிரங்குப் பெட்டி மட்டும் உடன் வரவேண்டும் என்றார். வந்தது.

ஐந்தாவது, விடைபெறுவதற்கு நேரம் ஒதுக்குக. நாம் தவறியது இதிலேதான். பால்காரர், பேறுகாலத்தில் உதவிய தாதி, ஒரு காலத்தில் சண்டையிட்டு ஓராண்டு பேசாதிருந்த எதிர்வீட்டுக்காரர் ஆகிய அனைவரையும் கண்டு ஒரு சொல் கூறிவிட்டுச் செல்க. பிள்ளைகள் தம் தோழரிடம் விடைபெற ஒரு மாலை வேண்டும். அவர்கள் அழுதால் அதட்டாதீர். நமக்கு வீடு மாறுகின்றது. அவர்களுக்கோ அதுவரை அறிந்த உலகமே மாறுகின்றது. பங்குக் குருவிடமும் தெரிவித்துச் செல்வது நலம். புதுப் பங்கில் பிள்ளைகளின் புதுநன்மைக்கோ திருமணத்திற்கோ சான்று தேவைப்படும்போது அலைச்சல் குறையும்.

திருக்குடும்பமும் குடிபெயர்ந்த குடும்பமே. ஆணை வந்த இரவிலேயே சூசையப்பர் எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார் என்று மத்தேயு கூறுகின்றார். அவர் எடுத்துச் சென்ற பொருள் எதையும் நற்செய்தி நூல் குறிப்பிடவில்லை. யாரை அழைத்துச் சென்றார் என்பதை மட்டுமே குறிப்பிடுகின்றது. மூட்டை கட்டும் நாள்களில் இதை எண்ணிப் பார்ப்பது நமக்கு நல்லது.

புறப்படும் நாள் அதிகாலையில் நாம் மீண்டும் அங்கே சென்றோம். பீடத்திலிருந்து சுரூபத்தைக் கடைசியாக இறக்கி, அதை அப்பாயியின் மடியில் வைத்தனர். வெறுமையான கூடத்தில் அனைவரும் நின்று ஒரு சிறு செபம் சொன்னோம். கணவர் இறந்த அறையின் வாசலில் அவர் சற்று நின்றார். மகன் அவர் கையைப் பற்றியபடி உடன் நின்றார். லாரிக்காரர் ஒலி எழுப்பினார். யாரும் அவசரப்படவில்லை.

அவ்வாண்டு அட்வெந்து காலத்தில் அவர்களுடைய புது வீட்டை மந்திரிக்க அழைப்பு வந்தது, சென்றோம். கூடத்தின் ஓரத்தில் மூன்று அட்டைப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. "இருக்கட்டும் சாமி, ஒண்ணும் அவசரமில்லை" என்று சிரித்தார் ஃபிட்டர். அப்பாயியின் கட்டிலுக்கு அருகே அந்தத் தகரப் பெட்டி இருந்தது. அதன் மூடிமேல் பேரனின் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "எண் 1. அப்பாயி பெட்டி. முதல்ல இறக்கவும்."